டீசல் வந்த வழியும் என் பழைய டிராக்டரும்

போன வாரம் எங்க பக்கம் நல்ல மழை. ஆடிப் பட்டத்துல மானாவாரியில மல்லாட்டை போடுறவனுக்கு அந்த ஈரம் மூணு நாள், மிஞ்சிப்போனா நாலு நாள். விடியக்காலையில ஏர்க்கலப்பையை மாட்டிக்கிட்டு டிராக்டரை எடுத்தேன். அரை ஏக்கர் ஓட்டியிருப்பேன். சத்தம் கம்மிச்சு, இழுத்து இழுத்து நின்னுபோச்சு.

இதே வண்டி பன்னெண்டு வருஷத்துக்கு முந்தியும் இதே மாதிரிதான் நின்னுது. அப்ப நான் செஞ்ச தப்பு ஒரு பட்டத்தையே தின்னுடுச்சு. அந்தத் தப்பு ஏன்னு புரியணும்னா, டீசல் எஞ்சின் வந்த கதையைக் கொஞ்சம் தெரிஞ்சிக்கணும்.

ருடால்ஃப் டீசல் ஜெர்மன்காரர். 1892-ல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டு, 1897-ல் ஆக்ஸ்பர்க் ஊர் தொழிற்சாலையில ஒழுங்கா ஓடுற எஞ்சினைக் காட்டினார். சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடும் இல்லீங்களா? அதே சங்கதிதான். காத்தை இறுக்கி அமுக்கினா சூடாகும். அந்தச் சூட்டுல எண்ணெயைப் பீய்ச்சினா தானா பத்திக்கும். தீப்பொறி வைக்கிற பிளக் வேணாம். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில இந்த வகை எஞ்சின் ஒண்ணை மல்லாட்டை எண்ணெயிலயே ஓட்டிக் காட்டியிருக்காங்க. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆனா ஒரு சிக்கல். உள்ள காத்து இறுகிக் கிடக்குது. அதை மீறி எண்ணெயை எப்படி அனுப்புறது? டீசல் அதுக்குன்னு தனியா ஒரு கம்ப்ரஸர் வச்சு, காத்தோட சேர்த்து ஊதி அனுப்பினார். அது பெரிய பாரம். தொழிற்சாலையிலயும் கப்பல்லயும் வைக்கலாம், சின்ன வண்டிக்கு ஆகாது. 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பல்ல போனவர் நடுக்கடல்ல காணாமப் போனார். தன் பேரைத் தாங்கின எஞ்சின் உலகம் பூரா உழவு ஓட்டுறதை அவர் பார்க்கல.

அந்தச் சிக்கலை அவுத்தது ஜெர்மனியில இருந்த பாஷ் கம்பெனி. 1922-ல் வேலையைத் தொடங்கி, 1927-ல் டீசல் பம்பை நிறைய எண்ணிக்கையில செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க. கம்ப்ரஸர் வேணாம். ஒரு குழலுக்குள்ள விரல் மாதிரி ஒரு பிளஞ்சர் ஏறி இறங்கும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான். நம்ம தலைமுடியே 70 மைக்ரான் கனம் இருக்கும்னா பார்த்துக்குங்க. அவ்வளவு நெருக்கமா இருக்கிறதாலதான் நாசில்ல 200 கிலோ அழுத்தம் வரைக்கும் டீசலைத் தள்ள முடியுது. டிராக்டர் முன் டயர்ல நாம அடிக்கிற காத்து ரெண்டு கிலோ சொச்சம்தான். அதுக்கப்புறம்தான் டீசல் எஞ்சின் லாரிக்கும் நிலத்துக்கும் பரவலா வந்துச்சு. அமெரிக்காவுல கேட்டர்பில்லர் 1931-ல் டீசல் டிராக்டரை விட்டாங்க.

நம்ம நாட்டுல 1951-ல் மைக்கோ கம்பெனி ஆரம்பிச்சு, பெங்களூர்ல இந்தப் பம்பும் நாசிலும் செய்ய வந்தாங்க. 1959-ல் பரிதாபாத்ல ஐச்சர் டிராக்டர், 1960-ல் சென்னையில டாஃபே கம்பெனி, 1963-ல் மஹிந்திரா டிராக்டர்னு வரிசையா வந்துச்சு. எங்க ஊருக்கு டிராக்டருக்கு முன்னாடியே கிணத்துமேட்டு ஆயில் எஞ்சின் வந்துட்டுது. பெரியவங்க இன்னிக்கும் டீசலைக் ‘குருடாயில்’னுதான் சொல்லுவாங்க. குரூட் ஆயில் எஞ்சின்ங்கிற பேர்ல இருந்து ஒட்டிக்கிட்டது.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த மைக்ரான் இடைவெளியில தூசி போனா பம்பு தேஞ்சிடும். தண்ணி போனா துரு. அதனாலதான் பம்புக்கு முன்னாடி இத்தனை காவல் வச்சாங்க. டேங்க் அடியில சல்லடை, அழுக்கு தங்குற கப்பு, பீடு பம்பு, துணி பில்டர், அப்புறம் பேப்பர் பில்டர். காவல் ஒழுங்கா இருந்தா பம்பு பல வருஷம் சும்மா கெடாது. பழைய வண்டியில டீசல் வரலைன்னா, தப்பு பெரும்பாலும் வழியிலதான் இருக்கும்.

பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி இது எனக்குத் தெரியல. மெக்கானிக் டியூபைக் கழட்டினார், டீசல் வந்துச்சு. “டேங்க்ல இருந்து வருது, பம்புதான் போச்சு”ன்னார். எங்க அப்பா திண்ணையில உக்காந்துக்கிட்டு, “கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா மடையில இருந்து நடந்து வாடா. கடைமடையை வெட்டிக்கிட்டு நிக்காத”ன்னார். கவலை ஓட்டின மனுஷன், அவருக்கு டிராக்டரைப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சேன். “சும்மா இருப்பா”ன்னுட்டேன். பம்பை இறக்கி டவுனுக்கு அனுப்பி, அஞ்சு நாள் கழிச்சு எட்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியாந்தேன். மாட்டினா திரும்பவும் அரை மணியில நின்னுபோச்சு. டேங்க் மூடியைத் திறந்தப்ப ‘உஸ்’னு சத்தம். மூடியில காத்துப் போற ஊசி ஓட்டை சேறு அடைச்சிக் கிடந்துச்சு. ஒரு குண்டூசி வேலை. அதுக்குள்ள ஈரம் காஞ்சிபோச்சு, அந்த வருஷம் மல்லாட்டை போடல. அப்பா ஒரு வார்த்தை குத்திச் சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது. இப்ப அவர் இல்ல.

இந்தத் தடவை மடையில இருந்தே நடந்தேன். முதல்ல மூடி. ஓட்டை சுத்தமாத்தான் இருந்தது. அடுத்து டேங்க்ல இருந்து வர டியூபைக் கழட்டி ஒரு கேன்ல விட்டேன். விரல் தண்டிக்கு வந்துச்சு. அன்னிக்கு மெக்கானிக் இதோட விட்டுட்டார். நான் விடாம பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு லிட்டர் தாண்டினதும் நூல் மாதிரி ஆயி, சொட்டிச்சு. டேங்கைக் காலி பண்ணிக் கழுவினா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலித்தீன் துண்டு. கேன் மூடி லூசா இருக்குதுன்னு கவர் வச்சி மூடினது நானேதான். டீசல் இழுக்கும்போது அது போய் வழியை அடைக்கும், வண்டி நின்னா விலகும். கொஞ்ச நேரம் ஆறப்போட்டா ஸ்டார்ட் ஆவுறது அதனாலதான்.

வழி சரியானதும் காத்து எடுக்கணும். காத்து பஞ்சு மாதிரி அமுங்கும், அது நடுவுல இருந்தா பம்பு தள்ளுற தள்ளு நாசிலுக்குப் போய்ச் சேராது. பில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திட்டு, பீடு பம்பு கைப்பிடியை நுரை நின்னு சுத்தமான டீசல் வர வரைக்கும் அடிச்சேன். கைப்பிடி பிடிப்பில்லாம லொடலொடன்னு இருந்தா, எஞ்சினைக் கொஞ்சம் சுத்தி விட்டுட்டு அடிங்க. நுரை நிக்கவே இல்லைன்னா எங்கியோ வாஷரோ டியூபோ காத்து வாங்குதுன்னு அர்த்தம். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகையே வரலைன்னா எஞ்சினுக்குள்ள டீசல் போகல. வெள்ளைப் புகை வந்தா டீசல் போவுது, பத்திக்கல. ஓட்டத்துல இருக்கிறப்ப நாசில் பக்கம் மட்டும் கையை வைக்காதீங்க, அந்த அழுத்தம் தோலைத் துளைச்சிக்கிட்டு உள்ள போயிடும்.

இதையெல்லாம் பார்த்து, இந்த வழியில ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு பம்புக் கடைக்குப் போங்க. அந்த வேலையை அவங்கதான் செய்யணும், நம்ம கொல்லையில வச்சுப் பிரிக்கிற சாமான் இல்ல அது.

பொழுது சாயறதுக்குள்ள உழுது முடிச்சேன். மறுநாள் ஆள் விட்டு விதை போட்டாச்சு. இப்ப மொளைச்சி ரெண்டிலை விட்டிருக்குது. அப்பா உக்கார்ற திண்ணையில இருந்து பார்த்தா அந்தக் கொல்லை முழுசா தெரியும்.

சரிங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும். அடுத்த மழைக்குள்ள உங்க டேங்க் மூடியை ஒரு தடவை பார்த்துடுங்க.