ஈற்றடியும் வினைமுடிபும்: எழுத்துப் பயிற்சியின் தமிழ், மலையாள மரபு

1. முன்னுரை

எழுதப் பழகுவோர்க்கு நாள்தோறும் ஒரு தலைப்போ தொடரோ கொடுத்து எழுதச் செய்யும் பயிற்சி இன்று பல மொழிகளில் பரவியுள்ளது. டொரத்தியா பிராண்டு 1934-இல் வெளியிட்ட நூலில் விடியற்கால எழுத்தை வலியுறுத்தினார். ஜூலியா கேமரன் 1992-இல் காலைதோறும் மூன்று பக்கம் எழுதுமாறு கூறினார். இவற்றைக் கொண்டு இப்பயிற்சியை மேலைநாட்டு வரவு என்றே கருதுவோர் உளர். ஆயின், பிறர் கொடுத்த ஒன்றைப் பற்றிக்கொண்டு எழுதுதல் தமிழிலும் மலையாளத்திலும் பழமையான வழக்கமாகும். இன்றைய பயிற்சி பெரும்பாலும் பொருளைக் கொடுக்கிறது. மரபுப் பயிற்சி வடிவத்தைக் கொடுத்தது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்க்கு எவ்வகையில் பயன்படும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. தமிழ் மரபில் இருவகைக் கொடை

பாட்டியல் நூல்கள் புலவரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைப்படுத்துகின்றன. இவருள் ஆசுகவி, பிறர் கொடுத்த எழுத்து, சொல், பொருள், யாப்பு முதலியவற்றிற்கு இயைய உடனே பாடுபவர். யாப்பருங்கல விருத்தி கூறும் மிறைக்கவிகளுள் 'பாதமயக்கு' என்பது ஒன்று. மூவர் மூன்று அடிகள் கூற, மற்றொருவர் ஓர் அடி பாடி வினைமுடிபு தந்து நிறைவு செய்வது அது.

இதற்கு எதிர்நிலையில் அமைவது சமஸ்யை எனப்படும் ஈற்றடி கொடுத்தல். வடமொழிக் காமசூத்திரம் அறுபத்து நான்கு கலைகளுள் ஒன்றாகச் சமஸ்யா பூரணத்தைக் குறிப்பிடுகிறது. காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்கள் பலவும் இவ்வகையின. இதே திறன் அவதானக் கலையிலும் ஓர் உறுப்பாயிற்று. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் நிகழ்த்திய சதாவதானம் இக்கலையின் உயர்நிலைக்குச் சான்றாகும்.

பாதமயக்கில் முன்னுள்ளவை கொடுக்கப்படுகின்றன. வினையைப் புலவர் தேடுகிறார். ஈற்றடியில் பெரும்பாலும் வினை கொடுக்கப்படுகிறது. முன்னுள்ளவற்றைப் புலவர் தேடுகிறார். வினைமுற்று இறுதியில் நிற்கும் மொழிகளில் இவ்விரண்டும் வேறுவேறான தொடரியல் பணிகள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

3. ஈற்றடியின் மொழியியல்

விளக்கத்திற்காக இக்கட்டுரையாளர் அமைத்த தொடர் ஒன்றைக் காண்போம்: 'வேந்தன் வேலை விட்டான்'. பணியைத் துறந்தான் என்பதே முதலில் தோன்றும் பொருள். அரசனுக்கு அது பொருந்தாது. 'பகைவர் மார்பினை நோக்கி' என்று முன்னே அமைத்தால் 'வேல்+ஐ' என்னும் பிரிப்பு மட்டுமே எஞ்சுகிறது. கேட்போர் முன்பகுதியை முதலில் கேட்பதால், ஈறு வரும்போது ஐயம் நீங்கிவிடுகிறது. ஆயின் எழுதுபவரோ ஈற்றிலிருந்து பின்னோக்கிச் சிந்தித்து, எச்சங்களையும் வேற்றுமைத் தொடர்களையும் ஒவ்வொன்றாக முன்னே அடுக்குகிறார்.

யாப்பும் இவ்வாறே. எதுகை வேண்டும் பாடலில், கொடுத்த ஓரடியின் இரண்டாம் எழுத்து ஏனைய அடிகளின் எதுகையையும் வரையறுத்துவிடுகிறது. மலையாளத்தில் இதனைத் துவிதீயாட்சரப் பிராசம் என்பர். இது கவிதைக்கு இன்றியமையாததா என்பது பற்றிக் கேரளவர்ம வலிய கோயித் தம்புரான் அணியினர்க்கும் ஏ. ஆர். ராஜராஜவர்மா அணியினர்க்கும் இடையே நிகழ்ந்த வாதம் மலையாள இலக்கிய வரலாற்றில் புகழ்பெற்றது.

4. கொடுங்கல்லூர்க் களரி

ஆலுவாயில் பெரியாறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொடுங்கல்லூர்ப் பக்கம் சென்று கடலை அடைகிறது. ஆலுவாயை அடுத்த வெள்ளாரப்பள்ளியைச் சேர்ந்த வெண்மணி இல்லத்தாரும் கொடுங்கல்லூர்க் கோயிலகத்தாரும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கவிதையை அன்றாட வழக்கமாகவே கொண்டிருந்தனர். சமஸ்யை நிரப்புதல், விரைந்து பாடுதல், கடிதத்தையும் செய்யுளாகவே எழுதுதல் ஆகியன அவர்தம் பயிற்சிகள். வெண்மணி அச்சன் நம்பூதிரிப்பாட்டின் மகனான குஞ்ஞிக்குட்டன் தம்புரான் (1864–1913) இச்சூழலில் வளர்ந்தவர். வடசொல் கலவாத தூய மலையாளத்தில் 'நல்ல பாஷ' என்னும் படைப்பை இயற்றியவரும் அவரே. ஒரு சொற்றொகுதியை முழுவதும் விலக்கி எழுதுதலும் தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடன்றோ? பிரான்சில் 1960-இல் தோன்றிய ஊலிப்போ குழுவினர் கட்டுப்பாட்டையே படைப்புக்குத் தூண்டுகோலாகக் கொண்டமை இதனோடு ஒப்பிடத்தக்கது.

மகாபாரதத்தைப் புலவர் பலர் பகுத்துக்கொண்டு மலையாளத்தில் பெயர்க்க எடுத்த முயற்சி நிறைவேறாது போயிற்று. பின்னர்த் தம்புரான் ஒருவரே அதனை 874 நாட்களில், மூலத்தின் விருத்தங்களையே பின்பற்றிச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்து முடித்தார். இலட்சம் சுலோகம் என்னும் மரபுக் கணக்கைக் கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 114 சுலோகங்கள் ஆகின்றன. 'கேரள வியாசர்' என்னும் பெயர் இதனால் அவருக்கு வாய்த்தது.

இவ்வுழைப்பை ஒருவரது பிறவித்திறன் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. கொடுத்த விருத்தத்துள் கொடுத்த பொருளை நிரப்புதலே அவர் இளமை முதல் பழகிய சமஸ்யையின் இயல்பு. மூலநூலின் ஒவ்வொரு சுலோகமும் அவருக்கு அன்றன்று கொடுக்கப்பட்ட ஒரு சமஸ்யையாக நின்றது எனக் கருத இடமுண்டு.

5. மதிப்பீடு

சமஸ்யையை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உளர். அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. விரைவே சிறப்பெனக் கொண்ட இடங்களில் பொருள் வறுமை நேர்ந்ததுண்டு. பயிற்சியைப் படைப்பாகவே கொண்டதால் நேர்ந்த பிழை அது. பயிற்சியைப் பயிற்சியாகவே மதிப்பிடின், அதன் பயன் வேறாகத் தோன்றும்.

மொழிபெயர்ப்பாளர்க்குப் பொருள் எப்பொழுதும் முன்னரே கொடுக்கப்பட்டுவிடுகிறது. எதை எழுதுவது என்பது அவர்தம் இடர்ப்பாடு அன்று. எவ்வாறு முடிப்பது என்பதே இடர்ப்பாடு. ஆங்கில வாக்கியத்தில் முன்னே நிற்கும் வினை தமிழில் இறுதிக்கு வர, இடையிலுள்ளவற்றை முறைப்பட அடுக்க இயலாமையால் தோன்றும் தடுமாற்றத்தை மொழிபெயர்ப்பு நூல்கள் பலவற்றில் காணலாம். 'உன் இளமைக்காலம் பற்றி எழுதுக' என்னும் தலைப்பு இத்தடுமாற்றத்தைத் தீர்ப்பதில்லை. ஈற்றுத் தொடர் ஒன்றைக் கொடுத்து முன்பகுதியை எழுதச் செய்தலும், முன்பகுதியைக் கொடுத்து வினைமுடிபு காணச் செய்தலும் அதனை நேரடியாக எதிர்கொள்ளும் பயிற்சிகளாகும்.

6. முடிவுரை

நாள்தோறும் எழுதும் பழக்கம் நம் மரபுக்குப் புதியதன்று. அம்மரபு எழுத்தாளரிடம் பொருளைக் கேட்டது. முடிவைத் தான் கொடுத்தது. மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்புகள் ஈற்றடியையும் பாதமயக்கையும் செய்யுளிலிருந்து உரைநடைக்கு மாற்றி, நாளுக்கு ஒன்றாகப் பயன்படுத்தலாம். பெரியாற்றங்கரையில் பொழுதுபோக்காகப் பயின்ற ஒரு கலை 874 நாட்களில் ஓர் இதிகாசத்தை மொழிபெயர்க்கத் துணைநின்றது எனின், அதனை மீண்டும் எண்ணிப் பார்த்தல் தகும்.