மைசூர் பக்கம் ஒரு நாள்: பறவை, குகை, ஒரு வரித் தமிழ்

மைசூருக்குப் போகிறோம் என்றால் எல்லோரும் சொல்வது அரண்மனை, சாமுண்டி மலை, மைசூர்பாகு. மூன்றையும் போன தடவையே முடித்தாயிற்று. அதனால் இந்த விடுமுறையில் மகனை அங்கிருக்கும் அவன் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, நானும் தங்கமணியும் (வீட்டம்மாதான்!) வாடகைக் கார் பிடித்துக் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

முதலில் ரங்கனதிட்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், காவிரிக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகள். 17-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். அதில் உருவானவை இவை. பறவையியலாளர் சலீம் அலி எடுத்துச் சொன்னதன் பேரில், 1940-இல் மைசூர் அரசு இதைச் சரணாலயம் ஆக்கியது. படகில் போனால் சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பாறை என்று நான் நினைத்தது வாயைத் திறந்ததும்தான் முதலை என்று தெரிந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் இங்கே உண்டு. "நம்ம கேஸ்தான்" என்றார் தங்கமணி.

அங்கிருந்து சிரவணபெளகொளா. மைசூரிலிருந்து 85 கிலோமீட்டர் இருக்கும். எதிரெதிரே இரண்டு மலைகள். சின்னதான சந்திரகிரியில் பத்திரபாகு குகை இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கல்லில் பாதச் சுவடுகள். வடக்கே 12 வருடப் பஞ்சம் வரப்போகிறது என்று பத்திரபாகு முன்கூட்டியே சொன்னதையும், சமணக் கூட்டம் தெற்கே புறப்பட்டதையும் இந்த மலையில் உள்ள சுமார் கி.பி. 600-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அரியணையைத் துறந்து குருவோடு வந்த சந்திரகுப்த மௌரியர் இங்கேயே உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்பது சமண மரபு. வரலாற்று ஆசிரியர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினர் சோழ, பாண்டிய நாடுகளுக்குப் போனதாகவும் மரபு உண்டு. ஆக, பிழைப்புக்காக ஊரை விட்டுக் கிளம்புவதை நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்தது விந்தியகிரி. வெறுங்காலோடு 600-க்கும் மேற்பட்ட படிகள். வெயிலில் பாறை சுட்டதால் கீழேயே காலுறை வாங்கிக்கொண்டோம். உச்சியில் ஒரே கல்லில் 57 அடி உயர கோமடேசுவரர். கங்க மன்னர்களின் அமைச்சர் சாமுண்டராயர் சுமார் கி.பி. 981-இல் எடுப்பித்தது. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை மகாமஸ்தகாபிஷேகம் நடக்கும்; கடைசியாக 2018-இல் நடந்தது.

எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் காலடியைத் தேடினேன். இந்தச் சிலையைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்று அங்கே கன்னடத்திலும் தமிழிலும் மராத்தியிலும் வெட்டியிருக்கிறது. சாமுண்டராயர் கன்னடத்தில் நூல் எழுதியவர். கன்னட நாட்டு மலையில் தமிழ் எதற்கு? தமிழ் பேசும் சமணர்களும் இங்கே வருவார்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும் என்று நினைத்திருப்பார் போல.

பெருமையாகத் தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எங்கே, படிங்க பார்ப்போம்" என்றார். என்னால் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை! கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து எழுதியது. பாண்டிய நாட்டில் பரவலாக இருந்த வட்டெழுத்து, சோழர் ஆட்சிக்குப் பின் தமிழ்நாட்டில் மெல்ல வழக்கொழிந்தது. அந்த வரியை யாராவது வாசித்துச் சொன்னால் நமக்கு உடனே புரியும். கண்ணால் பார்த்தால் வெறும் கோடுகள்தான்.

ராத்திரி மகனிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். "இது தமிழாப்பா?" என்றான். ஆமாம், ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாது என்றேன். "எனக்கும்தான் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அப்போ நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீச்சல் வகுப்பு, கணக்கு வகுப்பு என்று சொல்லி இரண்டு வருடமாகத் தமிழ்ப் பள்ளியைத் தள்ளிப் போட்டது நாங்கள்தான். ஓர் எழுத்து வழக்கொழிய அரசன் மாற வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமைக் காலையில் அப்பா அம்மாவுக்குச் சோம்பலாக இருந்தாலே போதும்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பெயர் கொடுத்துவிட்டோம். இந்தச் சனிக்கிழமை 'அ, ஆ' ஆரம்பம்.