முன்பணம் முதல் பயிற்சிச் செலவு வரை: கணக்கை எழுதுவது யார்?

மைசூரு கற்பிக்கும் ஊர். 1916இல் இங்குப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 2005இல் இன்ஃபோசிஸ் தன் பயிற்சி வளாகத்தைத் திறந்தபின், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பொறியியல் பட்டதாரிகள் முதல் வேலைக்கான பயிற்சியை இந்த ஊரில் பெறத் தொடங்கினர். பயிற்சி பெருகிய காலத்தில் அதன் விலை பற்றிய சச்சரவும் இந்தியா முழுவதும் பெருகியுள்ளது. வேலையில் சேரும் நாளில் இளைஞர் ஒரு பிணைமுறியில் கையொப்பமிடுகிறார். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால், பயிற்சிச் செலவு என்று குறிக்கப்பட்ட தொகையைத் திருப்பித் தர அவர் கடமைப்பட்டவர் என்கிறது அம்முறி. விலகியபின் வழக்கறிஞர் அறிவிப்பு வருகிறது. அதில் கண்ட தொகை உண்மையில் கடன்தானா? இதற்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என அறியப்படுவது. கல்கத்தாவின் ஐரோப்பிய வணிகர் சங்கம் விடுத்த கோரிக்கையின் பேரில் இயற்றப்பட்டது. முன்பணம் பெற்ற கைவினைஞரோ கூலியாளோ வேலையை விட்டு நீங்கினால், முதலாளி நீதித்துறை நடுவரிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையை முடிக்குமாறோ நடுவர் ஆணையிடுவார். ஆணைக்குப் பணியாதவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கென எழுதப்பட்ட இச்சட்டம், பிற பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டு, அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவின் காப்பித் தோட்டங்களுக்கும் பெருந்துணையாயிற்று. மைசூருக்கு மேற்கே குடகு மலையில் மேஸ்திரிகள் சமவெளி ஊர்களில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டியபோது, அந்த முன்பணத்தின் பின்னால் சிறைக்கதவு நின்றது.

இதற்கு அடுத்த ஆண்டில் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 492ஆம் பிரிவு இன்றைய பிணைமுறிக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி. முதலாளியின் செலவில் தொலைவிடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், மூன்றாண்டுக்கு மேற்படாத ஒப்பந்தக் காலத்தில் வேலையை விட்டு ஓடினால், ஒரு மாதச் சிறை அல்லது அச்செலவைப்போல் இருமடங்குக்கு மேற்படாத அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றது அப்பிரிவு. மூன்று ஆண்டுக் கெடு, முதலாளி செய்த செலவு, அச்செலவினும் மிகுந்த தண்டம் ஆகிய மூன்றும் 1860இலேயே ஓரிடத்தில் கூடிவிட்டன. எனினும், முதலாளி தொழிலாளியைக் கொடுமைப்படுத்தியிருந்தாலோ ஒப்பந்தத்தில் தன் பங்கை நிறைவேற்றத் தவறியிருந்தாலோ தண்டனை இல்லை என்ற விலக்கும் அதே பிரிவில் இருந்தது. இன்றைய பிணைமுறிகள் பலவற்றில் அந்த விலக்குக்கூட இல்லை.

தமிழரின் நினைவில் இன்னும் ஆழமாகப் பதிந்தது இலங்கைத் தோட்டங்களின் ‘துண்டு’ முறை. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆளைப் பெற்றுக்கொள்ளும். கடன் தீராது, கடன்காரர் மட்டுமே மாறுவார். கங்காணியின் கணக்கில் ஏறிய தொகை சரியா என்று கேட்கும் நிலையில் தொழிலாளி இல்லை. 1921ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இம்முறையை ஒழித்தது. இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தண்டனைச் சட்டத்தின் 490, 492 ஆகிய பிரிவுகளையும் நீக்கும் சட்டம் 1925இல் நிறைவேறியது. குடகு மட்டும் 1926இல் தனக்கெனத் தனிச் சட்டம் செய்து பழைய முறையைச் சில ஆண்டுகள் தக்கவைத்துக்கொண்டது.

வேலையை விட்டதற்காகச் சிறை என்பது இவ்வாறு போயிற்று. எஞ்சியது உரிமையியல் வழி. அவ்வழியின் அடித்தளம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டத்துக்குட்பட்ட தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. 74ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட தொகையைக் கொடுபடவேண்டிய கடனாகக் கொள்ளாமல், கோரக்கூடிய உச்ச வரம்பாகக் கொள்கிறது. அவ்வரம்புக்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும் 1969இல் மவுலா பக்ஷ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. இழப்பைக் கணக்கிட்டு மெய்ப்பிக்க இயலும் இடத்தில், கோருபவர் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது மவுலா பக்ஷ் வழக்கு தரும் பாடம்.

பயிற்சி பற்றிய வழக்குகளில் மூன்றைக் குறிப்பிடலாம். 1967இல் செஞ்சுரி நூற்பாலை வழக்கில், டச்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்று, ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் இடையிலேயே போட்டி நிறுவனத்துக்குச் சென்ற ஊழியர்மீது விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் கட்டுப்பாடு வேறு, அதன்பின் தொடரும் கட்டுப்பாடு வேறு என்று பிரித்தது. 1996இல் தோஷ்னிவால் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், முதலாளியின் செலவில் தனிப்பயிற்சியோ தனிச்சலுகையோ பெற்றவர் உறுதிமொழியை மீறினால் இழப்பீடு கோரலாம் என்று கூறியது. ‘தனி’ என்ற அடைமொழியே இங்கு முக்கியம். புதிதாகச் சேரும் எவருக்கும் அளிக்கும் அறிமுக வகுப்பு அதற்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது.

மூன்றாவது, 2011இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்த்த சிக்பா இந்தியா வழக்கு. பிணைமுறி மூன்று ஆண்டுகளுக்கானது. தொகை 2,00,000 ரூபாய். பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவோ 67,595 ரூபாய். ஊழியர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பணிசெய்தபின் விலகினார். நீதிமன்றம் நியாயமெனக் கருதிய தொகை 22,532 ரூபாய், அதாவது உண்மைச் செலவில் மூன்றிலொரு பங்கு. முறியில் எழுதிய எண்ணிலிருந்து மெய்யான செலவுக்கும், அங்கிருந்து எஞ்சிய காலத்துக்குரிய பங்குக்கும் நீதிமன்றம் படிப்படியாக இறங்கிய விதத்தை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் கர்நாடகத்திலிருந்து எழுந்த விஜயா வங்கி வழக்கைப் படிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு ஆள்சேர்ப்பு அறிவிக்கையில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை வங்கி விதித்தது. 2007இல் முதுநிலை மேலாளராகப் பொறுப்பேற்ற ஒருவர் 2009இல் வேறு வங்கியில் சேர விலகினார். எதிர்ப்பைப் பதிவு செய்தே பணத்தைக் கட்டினார். பின்பு உயர் நீதிமன்றத்தை நாடினார். தனி நீதிபதியும், அவரையடுத்து இரு நீதிபதிகள் அமர்வும் ஊழியரின் பக்கம் தீர்ப்பளித்தனர். மைசூரிலும் ஆலை கொண்ட பெமல் நிறுவனத்தைப் பற்றிய முந்தைய தீர்ப்பொன்று அதற்கு ஆதாரமாயிற்று. 2025 மே 14 அன்று நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜாய்மால்யா பாக்சி ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவற்றை நீக்கி, நிபந்தனை செல்லும் என்றது.

இத்தீர்ப்புடன் பிணைமுறி விவாதம் முடிந்துவிட்டதாகக் கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது என்பதே என் வாதம். முதலாவதாக, வங்கி அங்கு நிலைநாட்டியது பயிற்சிச் செலவையன்று. பொதுத்துறை வங்கி ஓர் இடத்தை நிரப்ப வெளிப்படையான விளம்பரமும் போட்டித் தேர்வும் நடத்தியாக வேண்டும், அது பெருஞ்செலவு என்பதே நீதிமன்றம் ஏற்ற காரணம். அக்கடப்பாடு தனியார் நிறுவனத்துக்கு இல்லை. இரண்டாவதாக, முதுநிலை மேலாளரின் ஊதியத்தோடு ஒப்பிட்டே 2 லட்சம் மிகையன்று என நீதிமன்றம் கருதியது. முதல் ஆண்டுப் பயிற்சியாளரின் ஊதியத்தோடு ஒப்பிட்டால் விடை மாறக்கூடும். மூன்றாவதாக, அச்சிட்ட வார்ப்பு ஒப்பந்தங்களில் இரு தரப்பின் பேரவலிமை சமமன்று என்பதையும், கட்டுப்படுத்தும் நிபந்தனை முறையானது என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

ஆகவே இத்தகைய அறிவிப்பைப் பெறுபவர் எழுத்தில் கேட்கவேண்டிய வினாக்கள் வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன. என் பொருட்டு உண்மையில் செலவான தொகை எவ்வளவு, அதற்குப் பற்றுச்சீட்டு உண்டா? பயிற்சியளித்தவர் வெளியாரா, மாத ஊதியம் பெறும் உள்பணியாளரா? பயிற்சி எனக்கு வேறிடத்திலும் பயன்படும் திறனைத் தந்ததா, நிறுவனத்தின் நடைமுறையை மட்டும் அறிமுகம் செய்ததா? அக்காலத்தில் நான் செய்த வேலைக்கு வாடிக்கையாளரிடம் நிறுவனம் கட்டணம் பெற்றதா? நான் பணியாற்றிய மாதங்கள் கழிக்கப்பட்டனவா? இவற்றுக்கு விடை வராதவரை அது கோரிக்கை மட்டுமே, கடனன்று. ஒருவரை வேலைக்குத் திரும்புமாறு எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்துவதில்லை. பணம் வேண்டுமெனில் நிறுவனம் உரிமையியல் வழக்குத் தொடுத்து மெய்ப்பிக்க வேண்டும்.

முதலாளியின் தரப்பிலும் நியாயம் உண்டு. பெருஞ்செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தவர் மறுமாதமே போட்டியாளரிடம் சென்றால் இழப்பு உண்மையானது. சட்டம் அதை மறுப்பதில்லை. ஆனால் பழைய முன்பணத்தில் ஒரு வெளிப்படை இருந்தது: காசு கை மாறியது, வாங்கியவர் எண்ணிப் பார்க்க முடிந்தது. பயிற்சிச் செலவு அவ்வாறன்று. கொடுத்ததும் அளந்ததும் விலை குறித்ததும் ஒரே கை. அந்த வகையில் அது 1859இன் முன்பணத்தைவிட, தொழிலாளி சரிபார்க்க முடியாத கங்காணிக் கணக்கையே ஒத்திருக்கிறது. தொழிலாளர் வரலாற்றையும் ஒப்பந்தச் சட்டத்தையும் தனித்தனித் துறைகளாகக் கற்பிக்கும் நம் வகுப்பறைகளில் இந்த ஒப்புமை கண்ணில் படுவதில்லை. பிணைமுறிகளைத் திரட்டி, அவற்றின் தொகையையும் காலத்தையும் ஊதியத்தையும் அருகருகே வைத்து ஆராயும் பணிக்கு மைசூரைவிடப் பொருத்தமான களம் அரிது. ஆர்வமுள்ள மாணவர்கள் தொடர்பு கொள்ளலாம்.