துயில்வோனும் சீடன்

பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் நற்செய்தி வாசித்தால் இயேசுவைச் சுற்றி நிற்பவர்கள் ‘சீஷர்கள்’. அதே ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் அவர்களே ‘சீடர்கள்’. இரண்டும் வடமொழி ‘சிஷ்ய’ பெற்ற பிள்ளைகள்தாம். ஒன்று கிரந்த ‘ஷ’வை விடாமல் பிடித்துக்கொண்டது, மற்றது தமிழ் ஒலிக்கு வளைந்துகொடுத்தது. மூல வேர் ‘சாஸ்’: கட்டளையிடு, கற்பி, வேண்டுமானால் தண்டி. சாஸ்திரமும் சாசனமும் அந்த வேரில் முளைத்தவையே.

எபிரேயத்தில் சீடனுக்குப் பெயர் ‘தல்மீத்’. பழைய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது: முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரம், கோவில் பாடகர்களுக்கு முறை பிரிக்கச் சீட்டுப் போடும் காட்சி. வேர் ‘லாமத்’, கற்றல். மாட்டை ஓட்டும் தாற்றுக்கோலுக்கும் அதே வேரிலிருந்துதான் ‘மல்மாத்’ என்று பெயர் வைத்தார்கள். கல்வியும் குத்தும் ஒரே குடும்பம் என்பதில் எபிரேயர்களுக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

கிரேக்கத்தில் ‘மத்தேதேஸ்’. இதுவும் கற்றலிலிருந்து வந்ததே; மேத்தமெட்டிக்ஸ் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். தத்துவ ஞானியிடம் பாடம் கேட்டவனும் மத்தேதேஸ், எகிப்தில் தறிக்காரரிடம் நெசவு பழக விடப்பட்ட பையனும் மத்தேதேஸ். புதிய ஏற்பாட்டில் இது ஏறத்தாழ 260 தடவை வருகிறது. யோவான் ஸ்நானகனுக்கும் பரிசேயருக்கும்கூட மத்தேதேஸ்கள் உண்டு. ஆகவே இயேசு சொல்லைப் புதிதாக உண்டாக்கவில்லை. ஆள் சேர்த்த முறைதான் வேறாக இருந்தது.

யூத வழக்கில் மாணவன்தான் ஆசிரியரைத் தேடிப் போவான். உனக்கொரு குருவைத் தேடிக்கொள் என்பது மிஷ்னாவின் ‘ஆவோத்’ பகுதி தரும் அறிவுரை. கலிலேயாவில் இது தலைகீழானது: குருவே கரையோரம் நடந்துபோய், வலை வீசிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் பரம ஏழைகள் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். மாற்கு அப்படிச் சொல்லவில்லை. செபெதேயுவின் படகில் கூலியாட்கள் இருந்தார்கள் என்று முதல் அதிகாரத்திலேயே எழுதிவிட்டார். அதே சமயம் பெரிய வசதியும் இல்லை. 1986இல் வறட்சியால் கலிலேயா ஏரி வற்றியபோது, கினோசார் அருகே சேற்றிலிருந்து அந்தக் காலத்துப் படகு ஒன்று கிடைத்தது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். பலகைகள் பத்துக்கும் மேற்பட்ட மரவகைகள். கிடைத்த துண்டுகளை வைத்து ஒட்டுப் போட்டே காலம் ஓட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தொழிலில் இருந்தவர்களைத்தான் அந்த அழைப்பு கிளப்பிக்கொண்டு போனது. கூடவே, கப்பர்நகூமின் சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்த லேவி. மீன்காரர்களுக்கு அந்த ஆளைப் பிடித்திருக்க நியாயமில்லை.

இங்கே நன்னூலைத் திறக்கலாம். வலிந்து திறப்பதாக எண்ண வேண்டாம். 1871ஆம் ஆண்டுத் தமிழ் விவிலியத் திருத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஹென்றி பவரே நன்னூல் பாயிரத்தை ஆங்கில விளக்கத்தோடு பதிப்பித்தவர். அந்தப் பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கர்களை அன்னம், பசுவில் தொடங்கி ஓட்டைக்குடம், எருமை வரை தரம் பிரிக்கிறார். அதோடு விடவில்லை. யாருக்குப் பாடமே சொல்லக் கூடாது என்றும் ஒரு பட்டியல் போடுகிறார். செருக்கன், கள்வன், பிணக்கன், சினத்தன், துயில்வோன், மந்தன் எல்லாரும் அதில் அடக்கம்.

இயேசுவின் பன்னிரு சீடரை இந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. பணப்பையை வைத்திருந்த யூதாசைத் திருடன் என்றே யோவான் நற்செய்தி சொல்கிறது. யாக்கோபும் யோவானும் இடங்கொடாத சமாரியக் கிராமத்தை வானத்து நெருப்பால் எரித்துவிடலாமா என்று கேட்டவர்கள். ‘இடிமுழக்க மக்கள்’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்காலி கேட்டவர்களும் அவர்களே. மத்தேயுவில் அந்த விண்ணப்பத்தை அவர்களுடைய அம்மா கொண்டுவருகிறார். வழியெல்லாம் யார் பெரியவன் என்ற சண்டை. அப்பம் பெருகியதை இரண்டு முறை கண்ணால் பார்த்த பிறகும், படகில் ஒரே ஒரு அப்பம் இருக்கிறதே என்று கவலை. கெத்செமனேயில் மூன்று முறை உறக்கம். நன்னூல் விதிப்படி பார்த்தால் மிஞ்சுகிறவர்கள் சிலரே.

பவணந்தியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தூங்குகிறவனை முன்னால் உட்கார வைத்துப் புணர்ச்சி விதி நடத்திப் பார்த்தவர்களுக்கு அவருடைய அலுப்பு புரியும். அவர் காக்க நினைத்தது நூலை. பாத்திரம் அறிந்து இட வேண்டும் என்பது அவர் கணக்கு. நற்செய்திகளின் கணக்கில் தகுதி முதலில் வருவதில்லை, அழைப்பு முதலில் வருகிறது. அது குறையைத் துடைத்துவிடுவதும் இல்லை. மூன்று ஆண்டு கூட இருந்தும், கலிலேயப் பேச்சு காட்டிக்கொடுத்ததும், அந்த மனிதனைத் தெரியாது என்று பேதுரு சத்தியம் செய்தார். பன்னிருவர் பதினொருவராகி மலைமேல் நின்றபோதும் சிலருக்குச் சந்தேகம் இருந்தது என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதுகிறார். எல்லா இனத்தாரையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை அந்தச் சந்தேகக்காரர்களையும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது.

பின்னர் எருசலேம் ஆலோசனைச் சங்கம் பேதுருவையும் யோவானையும் எடைபோட்டபோது அப்போஸ்தலர் நடபடிகள் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘இதியோத்தேஸ்’. பதவியோ பயிற்சியோ இல்லாத சாமானியன் என்று பொருள். ஆங்கிலத்தின் ‘இடியட்’ இதன் சீரழிந்த வாரிசு.

விசித்திரம் என்னவென்றால், நடபடிகளுக்குப் பிறகு ‘மத்தேதேஸ்’ புதிய ஏற்பாட்டிலிருந்தே மறைந்துவிடுகிறது. பவுலின் நிருபங்களில் ஒரு தடவைகூட இல்லை. அவர் கூப்பிடுவது ‘சகோதரரே’, ‘பரிசுத்தவான்களே’ என்று. அப்படி விளிக்கப்பட்ட கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள்; திருவிருந்தில் குடித்து வெறித்தார்கள். அந்தியோகியாவில் ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் பிறந்த பின், நாளடைவில் பழைய சொல்லுக்கு வேலை குறைந்தது.

இப்போது தமிழ்ச் சபைகளில் அது ‘சீஷத்துவம்’ என்ற வேடத்தில் திரும்பியிருக்கிறது. வகுப்பு, கையேடு, சில இடங்களில் சான்றிதழும் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோபர் 1937இல் இதே பொருள் பற்றி எழுதிய நூலுக்கு ‘பின்செல்லுதல்’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். ‘கற்பவன்’ என்ற பக்கத்தை விட்டு ‘கூட நடப்பவன்’ என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டார். சீஷத்துவத்தைவிட அது பொருத்தமான பெயர் என்றே படுகிறது.

கிரேக்கச் சொல்லின் பெண்பால் வடிவம் புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு முறை வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதற்குத் தயங்காமல் ‘சீஷி’ என்று போட்டது. யோப்பா பட்டணத்துத் தபீத்தாள்தான் அந்தச் சீஷி. அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் விதவைகள் பேதுருவிடம் எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் யாரிடம் என்ன கற்றாள் என்று நடபடிகளை எழுதிய லூக்கா ஒரு வரியும் எழுதவில்லை.