அதே வீடு, வேற ஆல்பம்

டாஃப்ட் பங்க்கோட முதல் ஆல்பம் 'ஹோம்வொர்க்', 1997. பாரிஸ்ல, தோமா பாங்கல்டேரோட படுக்கையறையில உருவானது. பெயர்க்காரணமே அதுதான். 'அரவுண்ட் தி வேர்ல்ட்' ஏழு நிமிஷம் ஓடும். வரிகள்னு பார்த்தா அந்த மூணே வார்த்தைதான். ஆட வந்தவங்களுக்கு அது போதும்.

2001-ல 'டிஸ்கவரி'. இதுவும் வீட்டு ஸ்டுடியோவில்தான். ஆனா இப்போ, சின்ன வயசுல கேட்ட டிஸ்கோவும் ராக்கும் உள்ளே வந்தாச்சு. 'ஒன் மோர் டைம்'ல ரோமந்தனியோட குரலை ஆட்டோட்யூன்ல போட்டுப் பிழிஞ்சிருப்பாங்க. அந்தக் குரலைக் கேட்டு முகம் சுளிச்சவங்க உண்டு. இன்னைக்கு ஆட்டோட்யூன் இல்லாத பாட்டைத்தான் தேடணும்!

'ஹோம்வொர்க்' மாதிரியே இன்னொண்ணு போட்டிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. அதனாலேயே எனக்கு 'டிஸ்கவரி'தான் துணிச்சலான ஆல்பம். ஆனா ராத்திரி பஸ்ல, ஹெட்ஃபோன்ல நான் போடுறது என்னவோ முதல் ஆல்பத்து 'டா ஃபங்க்'தான்.