கட்டிலை எங்கே போடுவது?

தாம்பரத்தில் சென்னை பக்கம் போகும் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். ஆஸ்பத்திரியின் பெயரை ரயில் நிலையத்துக்கே வைத்துக்கொண்ட பகுதி எங்களுடையது. இரும்புலியூரில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். வயது 74. கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, அந்த ஆஸ்பத்திரியின் கதையைத் திரும்பப் படித்தேன்.

டாக்டர் சௌரி முத்து 1928-இல் 12 படுக்கைகளோடு அந்தக் காசநோய் விடுதியைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அதே வேலையைச் செய்தவர். கணித மேதை ராமானுஜன் சில காலம் அவரிடம்தான் சிகிச்சை பெற்றார். அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். இருமுகிறவரை வீட்டிலிருந்து பிரித்துத் தள்ளி வைப்பதே பாதி வைத்தியம். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

பிரித்து வைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு விடையும் சென்னையிலிருந்தே வந்தது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு விடுதிப் படுக்கை. மற்றவர்களுக்கு நெரிசலான வீட்டிலேயே அதே மாத்திரைகள். ஓராண்டுக்குப் பிறகு இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய் விடுதிகள் மூடப்படக் காரணமானது. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இருந்ததில்லை. இதை என் நோய்க்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதும் தெரியும். அவர்கள் வீட்டிலிருந்து குணமானவர்கள். எனக்கு அந்த வாய்ப்பு குறைவு.

புற்றுநோய்க்கான கதை அடையாற்றில் தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கம் ஆஸ்பத்திரியாக முப்பது ஆண்டு பிடித்தது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-இல் திறந்தார்கள். அங்கேயும் முதலில் 12 படுக்கைகள்தான். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், ஆஸ்பத்திரி எதற்கு என்று அன்றைய அமைச்சர் ஒருவர் கேட்டதை அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அமைச்சரை விடுங்கள், எங்கள் தெருவில் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

எனக்கு வலியே இல்லை. கண் மஞ்சளானது, சிறுநீர் கருத்தது, உடம்பெல்லாம் அரிப்பு. தங்கை கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தாள். மஞ்சள் காமாலை என்றால் நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் புற்றுக்கட்டி பித்தக்குழாயை நெருக்கி அடைப்பதால் வரும் காமாலைக்குக் கீழாநெல்லி என்ன செய்யும்? ஸ்கேன் எடுத்தவுடன் டாக்டர் என் மகனைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்தார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். நோய் என்னுடையது, செய்தி அவனுக்கு. பெரியவர்களிடம் சொல்ல வேண்டாம் என்ற இந்த வழக்கம், சொல்லியும் செய்ய ஒன்றுமில்லாத காலத்தில் பிறந்தது. அப்போது அதில் கொஞ்சம் கருணை இருந்திருக்கலாம். இப்போது செய்யப் பல வழிகள் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டியவருக்குத்தான் செய்தி போய்ச் சேருவதில்லை.

வழிகளுக்கும் வரலாறு உண்டு. பாரசீகத்தில் பிறந்த அமெரிக்கர் ஆலன் விப்பிள் 1935-இல் எழுதிய ஆபரேஷன் அவர் பெயரிலேயே வழங்குகிறது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைப்பார்கள். பல மணி நேர வேலை. 1970-கள் வரை, செய்துகொண்டவர்களில் நாலில் ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே இறந்த இடங்கள் உண்டு. இன்று அடிக்கடி செய்து பழகிய இடங்களில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. வயதை மட்டும் காட்டி இப்போது மறுப்பதில்லை. இதயமும் சிறுநீரகமும் தாங்குமா, நடமாட்டம் எப்படி என்றுதான் பார்க்கிறார்கள்.

கீமோதெரபி மருந்துகளில் ஜெம்சிடபின் 1997-இல் வெளியான ஆய்வில் சராசரி ஆயுளை நாலரை மாதத்திலிருந்து ஐந்தரை மாதத்துக்குத்தான் நீட்டியது. ஆனால் வலி குறைந்தவர்கள், எடை கூடியவர்கள் அதிகம் என்பதும் அந்த ஆய்வில் உண்டு. 2011-இல் பிரான்சில் நாலு மருந்துக் கூட்டு ஒன்றைச் சோதித்து, பரவிய நோயில் 11 மாதம் என்று காட்டினார்கள். பக்க விளைவும் கடுமை. அந்த ஆய்வில் 75 வயதைத் தாண்டியவர் ஒருவரையும் சேர்க்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கணக்கை எடுத்துக்காட்டும் டாக்டர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு நெடுநாள் சர்க்கரை, இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட். அறுபதில் வந்திருந்தால் ஆபரேஷன் பக்கம் சாய்ந்திருப்பேன். இப்போது எண்டோஸ்கோபி வழியாகப் பித்தக்குழாய்க்கும் ஒரு ஸ்டென்ட் வைத்துக்கொண்டேன். அரிப்பு நின்று தூக்கம் வந்தது. ஜெம்சிடபின் மட்டும் போட்டுக்கொள்கிறேன். கட்டில் வீட்டில்தான்.

வீடு என்றால் வலிக்கு என்ன செய்வது? 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் கடும் வலிக்கான மார்ஃபினை மருந்துக்கடையிலிருந்தே விரட்டியது. 1997-இல் நாடு முழுவதற்கும் சுமார் 18 கிலோதான் பயன்பட்டது. என் மாமனார் தலைமுறை அலறியே செத்தது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண மருத்துவம் மெல்லப் பரவியது. 2014-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

இன்னொன்றும் செய்துவிட்டேன். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. அன்று மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை 2023-இல் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்று எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், கூடுமானவரை சம்பந்தமில்லாதவர்கள். எதிர்வீட்டுக்காரரும் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு நகல் மகனிடம், ஒன்று குடும்ப டாக்டரிடம் இருக்கிறது.