குப்பையும் குடும்பமும்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோட்டைகளையும் கோயில்களையும் அரண்மனைகளையும் பற்றி விரிவாக எழுதினர். அந்நகரங்களில் வாழ்ந்த மக்கள் நாள்தோறும் கழித்த குப்பை எங்கே சென்றது என்பதை எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு நகரத்தின் நலம் அதன் குப்பை செல்லும் வழியிலே பெரிதும் தங்கியுள்ளது. அவ்வழி நகரசபை வண்டியிலே தொடங்குவதன்று. வீட்டின் அடுக்களையிலே தொடங்குவது. இதனை மூன்று நகரங்களின் வரலாறு கொண்டு நோக்குவோம்.

முதலாவது பாரிஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நகர மாந்தர் தத்தம் வீட்டுக் குப்பையைத் தெருவோரத்திற் கொட்டுவது வழக்கம். முதுகிற் கூடையும் கையில் விளக்கும் கொக்கித்தடியும் கொண்ட கந்தை பொறுக்குவோர் அதனைக் கிளறி, விலைபோகக் கூடியவற்றை எடுத்துச் செல்வர். கந்தைத்துணி கடதாசி ஆலைக்குச் சென்றது. எலும்பிலிருந்து பசையும் பொத்தானும் செய்யப்பட்டன. எஞ்சியதை நகர வண்டிகள் அள்ளின. 1832 ஆம் ஆண்டிலே வாந்திபேதி பரவி, பாரிஸில் ஏறக்குறைய 18,000 பேர் மாண்டனர். அவ்வேளையிற் குப்பையை விரைந்து அகற்ற முயன்றபோது, தம் பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய கந்தை பொறுக்குவோர் கலகஞ் செய்தனர்.

அரை நூற்றாண்டின் பின், 1883 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆந் திகதி, அப்பகுதியின் ஆளுநராகிய யூஜின் பூபெல் என்பார் ஒரு கட்டளை பிறப்பித்தார். கட்டட உரிமையாளர் ஒவ்வொருவரும் தம் குடியிருப்பாளருக்கு மூடியுள்ள பெட்டிகள் வைத்துக் கொடுத்தல் வேண்டும். அவையும் மூன்றாதல் வேண்டும்: அழுகும் பொருளுக்கு ஒன்று, கடதாசிக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பியோடு ஆகியவற்றுக்கு மற்றொன்று. வகைபிரித்துக் குப்பை சேர்க்கும் முறை இக்காலத்துப் புதுமையெனக் கருதுவோர் இதனை அறிதல் நன்று.

கட்டளை கண்டு பலரும் சினந்தனர். உரிமையாளர் செலவை நினைத்து முணுமுணுத்தனர். கந்தை பொறுக்குவோர் மீண்டும் முறையிட்டனர். பத்திரிகைகள் அப்பெட்டிக்கு ஆளுநரின் பெயரையே சூட்டி எள்ளி நகையாடின. காலப்போக்கிலே பெட்டி நிலைத்தது. பிரெஞ்சு மொழியிற் குப்பைத்தொட்டிக்கு இன்றும் ‘பூபெல்’ என்பதே பெயர். ஆனால் மூன்றாய்ப் பிரிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. கட்டளை கட்டட உரிமையாளரை நோக்கி எழுந்ததேயன்றி, அடுக்களையிலே நிற்பவரை நோக்கி எழுந்ததன்று. பெட்டியைச் சட்டத்தால் வைப்பிக்கலாம். மீன்செதிலை ஒரு பெட்டியிலும் உடைந்த போத்தலை வேறொரு பெட்டியிலும் இடும் கையைச் சட்டம் மட்டும் பழக்கிவிட இயலாது.

இரண்டாவது, யப்பான் நாட்டின் நுமாஸு நகரம். 1970களில் அந்நகரக் குப்பை புதைக்கப்பட்ட இடத்தின் அயலவர், இனி இங்கே கொட்டலாகாது என எதிர்த்து நின்றனர். நகரசபையார் வேறோர் ஊரைத் தேடுவதோடு அமையாது, குடிமக்களிடமே சென்று நிலைமையை எடுத்துரைத்தனர். 1975 ஆம் ஆண்டிலே எரிப்பவை, புதைப்பவை, மீண்டும் பயன்படுபவை என வீடுகளே பிரித்து வைக்கும் முறை அங்கே தொடங்கிற்று. பின்னர் அது நாடெங்கும் பரவியது. பாரிஸில் நிலையாதது இங்கே நிலைத்தமைக்குக் காரணம் யாது? தம் குப்பை எங்கே செல்கிறது, அதனால் யார் வருந்துகின்றனர் என்பதை வீட்டார் அறிந்தமையே எனலாம்.

மூன்றாவது நம் கொழும்பு நகர். கொழும்பின் குப்பை முன்னர் புளூமெண்டாலிலும், பின்னர் கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லையிலும் குவிக்கப்பட்டது. அயலவர் பலகாலம் முறையிட்டும் மேடு வளர்ந்துகொண்டே சென்றது. 2017 ஆம் ஆண்டு ஏப்பிரில் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அம்மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களை மூடிய அம்மலை எங்கிருந்து வந்தது? நகரின் ஆயிரமாயிரம் அடுக்களைகளிலிருந்து, ஒவ்வொரு பையாக வந்தது. வாசலைத் தாண்டிய குப்பை மறைந்துவிட்டதென நாம் எண்ணுகிறோம். அது மற்றொருவர் வாசலைச் சேருகின்றது; பெரும்பாலும் வறியவர் வாசலையே சேருகின்றது.

நேயர்களே, நம் நாட்டுக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது உணவும் இலைகுழையுமாகிய அழுகும் பொருளே. இவற்றை வீணாக்காத முறை நம் முன்னோர் அறியாததன்று. கழுநீர் மாட்டுக்குச் சென்றது. சாம்பல் பாத்திரம் துலக்கிற்று. சருகும் சாணமும் வளவின் கோடியிலுள்ள எருக்குழியிலே பசளையாயின. அவர்கள் காணாதவை பொலித்தீனும் பிளாஸ்டிக்கும். அவற்றை ஏனையவற்றோடு கலவாது வேறாக வைத்தலே இக்காலத்து வீட்டார் புதிதாய்க் கற்கவேண்டிய பாடம்.

பிரித்துக் கொடுத்ததை மீண்டும் ஒரே வண்டியிற் கலந்து கொட்டாதிருத்தல் உள்ளூராட்சிச் சபைகளின் கடன். அக்கடனைச் செய்யுமாறு கேட்கும் உரிமை, தம் கடனை முதலிற் செய்த வீட்டாருக்கே முழுமையாக உண்டு. ஒரு வீட்டில் இரண்டு கூடைகள் வைப்பது சிறு செயல்தான். எனினும் மீதொட்டமுல்லை போன்றதொரு மலை மீண்டும் எழாது தடுக்கும் பணி அங்கேதான் தொடங்குகின்றது.